அந்த வளைவைத் தாண்டி இனி வண்டி ஓட்ட முடியுமா?

வாசகர் கேள்வி:

எனக்கு 36 வயது. கேத்தி பாலாடாவில் இருக்கிறேன். சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி. கேரட், பீட்ரூட் லோடு ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கொண்டுபோவதுதான் 11 வருடமாகத் தொழில். ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் குன்னூர் மலைப்பாதையில் மரப்பாலத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். வளைவில் ஏறி வந்த லாரியை முந்திக்கொண்டு ஒரு பைக் நேராக என் பக்கம் வந்துவிட்டது. பிரேக்கை மிதித்தேன், போதவில்லை. 108 வரும்வரை அந்தப் பையன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரி போவதற்குள் போய்விட்டான். 22 வயது. வழக்கு நடக்கிறது. வண்டியைச் சோதித்த மோட்டார் வாகன ஆய்வாளர் பிரேக்கில் குறை இல்லை என்று எழுதியிருக்கிறார். லாரி டிரைவரும் என் மேல் தப்பில்லை என்றே சொன்னார். ஆனால் அந்த வளைவில் நான் ஹார்ன் அடித்தேனா என்பது மட்டும் ஞாபகம் வரவே இல்லை. ராத்திரி ஒரு குவார்ட்டர் போடாமல் தூக்கம் இல்லை. ஒருநாள் துணிந்து வண்டியை எடுத்தேன். கோத்தகிரி வழியாகப் போய்விடலாம் என்று நினைத்து, கட்டபெட்டிலேயே திரும்பிவிட்டேன். அவனுக்குப் பதில் நான் போயிருக்கலாம் என்று தோன்றுகிறது. அவன் அம்மாவைப் போய்ப் பார்க்க வேண்டும் போலவும் இருக்கிறது. வண்டியை விற்றுவிடட்டுமா?

பதில்:

தம்பி, நீங்கள் கடைசியில் எழுதியிருப்பதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவனுக்குப் பதில் நான் போயிருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணெதிரே ஓர் உயிர் போவதைப் பார்த்தவர்களுக்கு இப்படித் தோன்றுவது உண்டு. தோன்றுவதோடு நின்றால் அது துக்கத்தின் ஒரு பகுதி. 'எப்படிப் போகலாம்' என்று மனசு வழி தேட ஆரம்பித்தால் அன்றைக்கே, அந்த மணிக்கே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். 14416 என்ற எண்ணுக்கு அடியுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது. பணம் கிடையாது, ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். இன்னொன்று. காய்கறித் தோட்டம் உள்ள வீடுகளில் பூச்சி மருந்து டப்பா கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். உங்கள் வீட்டிலும் இருந்தால் இன்றைக்கே அதை எடுத்து வேறு யார் வீட்டிலாவது பூட்டி வைக்கச் சொல்லுங்கள். உங்கள் மனைவியிடம் இந்தப் பக்கத்தைக் காட்டினாலும் சரி. அவரிடம் மறைக்க வேண்டிய விஷயம் இல்லை இது.

இப்போது அந்த ஹார்ன்.

கடிதத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வழக்கைப் பற்றி நீங்கள் இரண்டே வரிதான் எழுதுகிறீர்கள். உங்களைத் தின்றுகொண்டிருப்பது ஹார்ன்தான். 11 வருடமாக அந்தப் பாதையில் இறங்குகிறவர் நீங்கள். ஒவ்வொரு வளைவிலும் கை தானாக ஹார்னுக்குப் போயிருக்கும். அப்படிப் பழகிப்போன காரியத்தை மனசு தனித்தனியாகப் பதிந்து வைப்பதில்லை. அதே நாளில் அதற்கு முந்தின வளைவில் அடித்தீர்களா என்று கேட்டால் அதுவும் உங்களுக்குத் தெரியாது. ஆக, ஞாபகம் இல்லை என்பது அடிக்கவில்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

சரி, அடிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 'உன் மேல் ஒரு தப்பும் இல்லை' என்று ஊர் முழுக்கச் சொல்லியும் உங்களுக்கு ஆறுதல் வராததற்குக் காரணம், அவர்கள் இந்தக் கேள்வியைத் தொடாமல் தாண்டிப் போவதுதான். அதனால் நான் தாண்டப் போவதில்லை. ஏற்றத்தில் முக்கிக்கொண்டு போகும் லாரியின் சத்தம், மழை, ஹெல்மெட். இவ்வளவையும் மீறி உங்கள் ஹார்ன் அவன் காதில் விழுந்திருக்குமா, விழுந்திருந்தால் அவன் பின்வாங்க நேரம் இருந்திருக்குமா? யாருக்கும் தெரியாது. 'தெரியாது' என்பதுதான் இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை. மனசுக்கு இந்த விடை பிடிக்காது. தெரியாமல் இருப்பதைவிட 'நான்தான் காரணம்' என்று முடிவுகட்டுவது அதற்குச் சுலபமாக இருக்கிறது. ராத்திரி கேள்வி வரும்போது அதோடு வாதாடாதீர்கள், விடை தேடிக் காட்சியைத் திரும்ப ஓட்டிப் பார்க்காதீர்கள். 'இது எனக்குத் தெரியாது, இனியும் தெரியப் போவதில்லை' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். மறுபடி வந்தால் மறுபடி சொல்லுங்கள். முதல் வாரம் இது எரிச்சலாகத்தான் இருக்கும்.

உங்களுக்குத் தெரிந்தது ஒன்று இருக்கிறது. நீங்கள் ஓடவில்லை. மழையில் ரோட்டில் உட்கார்ந்து, ஆம்புலன்ஸ் வரும்வரை ஒரு முகம் அவன் பார்வையில் இருக்கும்படி இருந்தீர்கள். அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு சொல்கிறது. நீங்கள் சட்டத்தை நினைத்துச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். வழக்குப் பதிவானது பற்றியும் ஒரு வார்த்தை. சாலையில் உயிர் போனால் வழக்குப் பதிவது நடைமுறை. அது தீர்ப்பு அல்ல. காகிதத்தில் உங்கள் பெயருக்கு முன்னால் என்ன எழுதியிருந்தாலும் அதை உங்களைப் பற்றிய முடிவாகப் படிக்காதீர்கள்.

தூக்கத்துக்கு வருவோம். குவார்ட்டர் போட்டால் கண் அசரும். ஆனால் நடுராத்திரி இரண்டு மூன்று மணிக்கு அதுவே எழுப்பிவிடும், அப்போது வரும் காட்சிகள் இன்னும் கூர்மையாக இருக்கும். அதிர்ச்சியில் இருக்கும் மனசு ஆறுவதைச் சாராயம் தள்ளிப்போடுகிறது. இதில் நான் தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டேன். நிறுத்துங்கள். தினமும் குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தி, கை நடுக்கமும் வியர்வையும் வந்தால் சும்மா இருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

டாக்டரிடம் எப்படியும் போகத்தான் வேண்டும். விபத்துக்குப் பின் முதல் சில வாரம் காட்சி திரும்ப வருவது, திடுக்கிட்டு எழுவது, யாரிடமும் பேசப் பிடிக்காமல் போவது எல்லாருக்கும் நடக்கக்கூடியது. பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே குறைந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் குறையாமல், அந்த இடத்தையும் வண்டியையும் தவிர்த்துத் தவிர்த்து வாழ்க்கையே சுருங்கினால் அதற்குச் சிகிச்சை தேவை. உங்களுக்கு ஐப்பசி போய் மார்கழி வந்துவிட்டது. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு எங்கே என்று கேட்டுப் போங்கள். நடந்ததைப் பாதுகாப்பாகத் திரும்பப் பேசி, பயந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்க வைக்கும் பேச்சுச் சிகிச்சை இருக்கிறது, நன்றாகவே பலன் தரும். மாத்திரை கொடுத்தால் 'நான் மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவன்' என்று மறக்காமல் சொல்லுங்கள். சில மாத்திரைகள் பகலிலும் அசத்தும். வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டினால் கட்டிக்கொள்ளுங்கள், பெரியவர்கள் மனசு நோக வேண்டாம். ஆனால் கயிறு கட்டியாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியை விட்டுவிடாதீர்கள்.

பயம் போன பிறகு ஓட்டலாம் என்று காத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிக் காத்திருந்தால் அது போகாது. கட்டபெட்டில் நீங்கள் திரும்பியபோது நெஞ்சுப் படபடப்பு உச்சத்தில் இருந்திருக்கும், திரும்பியதும் சட்டென்று இறங்கியிருக்கும். 'திரும்பினதால்தான் தப்பித்தேன்' என்று உடம்பு பாடம் படித்துக்கொண்டது. இந்தப் பாடத்தை மாற்ற வேண்டும். உங்கள் லைசென்ஸ் நிலை என்ன என்று வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள். முதலில் வண்டியை எடுக்கவே வேண்டாம். நிறுத்திய இடத்திலேயே ஏறி உட்காருங்கள், சாவி கையில் இருக்கட்டும். வியர்க்கும், தொண்டை அடைக்கும். இறங்காதீர்கள். அரை மணி நேரமோ முக்கால் மணி நேரமோ, படபடப்பு தானாகக் குறையும்வரை இருங்கள். அது சலிக்கும் அளவுக்குப் பழகியதும் காலி வண்டியில் கேத்தி வரை போய் வாருங்கள், பக்கத்தில் நம்பிக்கையான ஓர் ஆள். அப்புறம் குன்னூர். மரப்பாலம் பக்கம் முதலில் அரசு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பகலில் போங்கள். பிறகு காலி வண்டி, பிறகு பாதி லோடு, கடைசியில்தான் மழையும் இருட்டும். கோத்தகிரி வழியைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. அதுவே நிரந்தர வழியாகிவிட வேண்டாம்.

பயந்துபோய் ஓட்டுவதும் ஜாக்கிரதையாக ஓட்டுவதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலத் தெரியும். இரண்டும் ஒன்றல்ல. பயத்தில் இருப்பவர் பத்தடி முன்னால் மட்டும் பார்ப்பார், நேர்ப்பாதையிலும் பிரேக்கில் கால் வைத்திருப்பார், தன் நெஞ்சுத் துடிப்பைக் கவனிப்பார். ஜாக்கிரதைக்காரர் ரோட்டைக் கவனிப்பார். நான் பேசிப் பார்த்த பல ஓட்டுநர்களுக்கு மனசைத் தேற்றியது அறிவுரையைவிட இந்தக் கவனம்தான், ஏனென்றால் அது மனசுக்கு ஒரு வேலை கொடுக்கிறது.

உங்களுக்கு மலை ஓட்டத்தை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தக் கியரில் ஏறுகிறோமோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும், லோடு வண்டியை இன்ஜின் பிடியில் விட்டு இறக்க வேண்டும், நியூட்ரல் கூடவே கூடாது என்பதெல்லாம் உங்கள் கையிலேயே இருக்கிறது. கூடுதலாக ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அடுத்தவன் தப்புச் செய்வான் என்று முன்கூட்டியே இடம் விட்டு ஓட்டுவது. 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீட்டர் போகிறது. கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி ஆனால் பிரேக் பிடிப்பதற்கு முன்பே 16 மீட்டருக்கு மேல் போயிருக்கும். நம் கொண்டை ஊசி வளைவுகளில் பல இடத்தில் பார்வையே அவ்வளவு தூரம்தான். அதனால் ஒவ்வொரு வளைவிலும், அந்தப் பக்கம் ஒரு வண்டி என் பாதியில் வந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டே திரும்புங்கள். வேகத்தை வளைவுக்குள் நுழையும் முன்பே குறைத்து, இடது ஓரம் ஒட்டி, கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில் போங்கள். பாட்டை அணைத்துவிட்டு, மழை இல்லாதபோது கண்ணாடியை ஒரு சாண் இறக்கி வைத்தால், ஏறி வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும் முன்பே காதில் விழும். இருட்டில் எதிர்வண்டியின் வெளிச்சம் பாறையில் விழுந்து முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும். மூடுபனியில் அந்த உதவி கிடையாது. அப்போது லோ பீமில் ஊர்ந்து போங்கள், முடியாவிட்டால் அகலமான இடத்தில் ஒதுங்கி ஒரு டீ குடியுங்கள்.

முன்னால் போகும் வண்டி ஒரு மைல்கல்லைத் தாண்டியதும் 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு' என்று எண்ணுங்கள். அதற்கு முன் நீங்கள் அந்தக் கல்லை அடைந்துவிட்டால் ரொம்ப நெருக்கம். மழையில் ஆயிரத்து நான்கு வரை. பின்னால் ஒருவர் முட்டிக்கொண்டு வந்தால் வேகம் கூட்டாதீர்கள், இடம் பார்த்து வழி விட்டுவிடுங்கள். குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்கு முன்னுரிமை என்பது சட்டத்திலேயே இருக்கிறது, இறங்குகிற நாம்தான் நிற்க வேண்டும். சமவெளியிலிருந்து முதல் தடவை பைக்கில் வரும் பையன்களுக்கு இந்த வளைவுகளின் கணக்குத் தெரியாது. லாரிப் புகையில் பொறுமை போய்விடும். ஏறி வரும் ஒவ்வொரு லாரிக்குப் பின்னாலும் ஒரு பைக் இருக்கிறது என்றே நினையுங்கள். மண்டிக்கு நேரமாகிறது என்று தூங்காத ராத்திரிக்கு மறுநாள் லோடு எடுக்காதீர்கள். அன்றைக்கு வேறு ஆளை விடுங்கள்.

இவ்வளவு செய்தும் ஒருநாள் யாராவது வந்து மோதலாம். அதை முழுக்கத் தடுக்க எந்த ஓட்டுநராலும் முடியாது. இதையெல்லாம் ஒரு தண்டனையாகச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அந்த அம்மாவைப் பற்றி. உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் நேராகப் போய் நிற்காதீர்கள். வழக்கு நடக்கும்போது உங்கள் வக்கீலுக்குத் தெரியாமல் போவது இரண்டு தரப்புக்கும் சிக்கலாகும். இழப்பீடு என்பது தீர்ப்பாயமும் இன்சூரன்ஸும் பார்க்க வேண்டிய விஷயம், அதைப் பேசப் போவது போல ஆகிவிடக் கூடாது. அதைவிட முக்கியம், உங்கள் பாரத்தை இறக்க அவர் வீட்டு வாசல் இடமில்லை. வழக்கு முடியட்டும். அவர்களுக்கும் தெரிந்த ஒரு பெரியவர் மூலம், 'பார்க்க விரும்புகிறார், உங்களுக்குச் சம்மதமா' என்று கேட்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். வரச் சொன்னால், என் மேல் தப்பில்லை என்று ஆரம்பிக்காதீர்கள். கடைசி நேரத்தில் அவன் தனியாக இல்லை, நான் பக்கத்தில் இருந்தேன் என்பதைச் சொல்லலாம், அவர் கேட்டால்.

வண்டியை இப்போது விற்க வேண்டாம். இந்த மனநிலையில் எடுக்கிற முடிவு, விலையிலும் நஷ்டம், மனசுக்கும் நஷ்டம். மூன்று மாதம் ஒரு டிரைவரைப் போட்டு ஓட்டுங்கள், தவணை கட்டுகிற அளவுக்கு வந்தால் போதும். நீங்கள் லோடு ஏற்றும் இடத்தில் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள், நாலு பேரோடு பழக்கம் விட்டுப்போகாது. சிகிச்சை எடுத்து, மரப்பாலத்தைச் சில தடவை தாண்டிப் பார்த்த பிறகும் ஸ்டியரிங் பிடிக்கவில்லை என்றால் அப்போது விற்றுவிடுங்கள். வேறு தொழிலுக்குப் போவதில் ஒரு கேவலமும் இல்லை. பங்குனி வாக்கில் என்ன முடிவு எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.