காமிக்ஸ் கேள்வி-பதில்: மன்ஹாட்டன் எப்ப வருவார்?

கல்லூரி மாணவர், கானாடுகாத்தான்: அண்ணே, சிங்கப்பூர் அம்மான் போன தடவை வீட்டுப் படைப்புக்கு (முன்னோருக்குப் படைக்கிற விழா) வந்தப்ப டிசி காமிக்ஸோட 'டூம்ஸ்டே கிளாக்' தொடர் 12 இதழையும் கொண்டாந்து கொடுத்தாக. 'வாட்ச்மென்' காமிக்ஸ்ல வர்ற டாக்டர் மன்ஹாட்டனும் சூப்பர்மேனும் மோதப்போறாகன்னு ஆசையா உட்கார்ந்தேன். ஆறு இதழ் முடிஞ்சுபோச்சு, மன்ஹாட்டன் தலையைக் காணோம். தொடரட்டுமா, பெட்டியில போட்டுப் பூட்டட்டுமா?

பதில்: ஏழாவது இதழின் கடைசியில் வந்துவிடுவார் தம்பி. பாதிக் கதை தாண்டியபின் நாயகன் வருவான் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. இலை போட்டு, உப்பு, ஊறுகாய், வறுவல் எல்லாம் வைத்துவிட்டு, சோற்று வாளி மட்டும் வராத பந்தி அது.

ஆனாலும் நீ கொடுத்துவைத்தவன், ஒரே மூச்சில் படிக்கலாம். 2017 நவம்பரில் முதல் இதழை வாங்கியவர்கள் முடிவைப் பார்த்தது 2019 டிசம்பரில்தான். மாத இதழாக ஆரம்பித்தது, இரண்டு மாதத்துக்கு ஒன்றாகி, அப்புறம் அதையும் தாண்டி இழுத்தது. ஓவியர் கேரி ஃபிராங்க் பக்கத்துக்கு ஒன்பது கட்டம் போட்டு ஒவ்வொன்றையும் செதுக்கியிருக்கிறார். அதற்கு நாள் பிடிக்கும், பிடிக்கட்டும். என் வழக்கு கதையோடுதான். மற்ற டிசி இதழ்களைவிட ஓராண்டு முன்னால் நடப்பதாக இந்தக் கதையை அமைத்தார்கள். இது முடியும்போது மற்றவை வந்து சேர்ந்துகொள்ளும் என்பது ஏற்பாடு. இது தாமதிக்கத் தாமதிக்க, அவை தம் போக்கில் போய்விட்டன.

டிசியின் போட்டி நிறுவனம் மார்வெல் மட்டும் யோக்கியமா? 2015 'சீக்ரெட் வார்ஸ்' தொடர் 8 இதழ் என்று அறிவித்து 9 ஆனது, முடிந்தது 2016 ஜனவரியில். அதற்குப் பிறகு நடக்கிற கதைகளோ 2015 அக்டோபரிலேயே கடைக்கு வந்துவிட்டன. யார் பிழைத்தார்கள் என்பது தெரிந்தபிறகு கடைசி இதழைப் பிரிக்க என்ன பரபரப்பு இருக்கும்?

பல நாயகர்கள் சேர்ந்து வரும் கூட்டுக்கதை என்றாலே இழுக்கும் என்று சமாதானம் சொல்பவர்களிடம் டிசியின் 1985 'க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' தொடரைக் காட்டு. அதுவும் 12 இதழ்தான், மாதாமாதம் வந்தது. ஏழாவதில் சூப்பர்கேர்ள் சாகிறாள், எட்டாவதில் ஃப்ளாஷ். ஜார்ஜ் பெரெஸ் ஒரே பக்கத்தில் திருவிழாக் கூட்டத்தையே வரைந்துவிடுவார். ஆள் கூடியும் கதை நகர்ந்தது.

நீ பெட்டியைப் பூட்டாதே. எட்டையும் ஒன்பதையும் வேகமாகப் புரட்டு. பத்தாவதை மட்டும் நிதானமாகப் படி. மன்ஹாட்டன் 1938-ல் வந்து நின்று, சூப்பர்மேனின் தொடக்கம் ஒவ்வொரு முறையும் வேறொரு வருஷத்துக்கு நகர்ந்துபோவதைப் பார்க்கிறார். நிஜத்தில் சூப்பர்மேன் முதலில் அச்சில் வந்த வருஷமும் அதுதான். டிசி தன் சரித்திரத்தை அழித்தழித்து எழுதிய பழக்கத்தையே கதையாக்கிவிட்டார் கதாசிரியர் ஜெஃப் ஜான்ஸ். அந்த ஒரு இதழுக்காக உங்க அம்மானுக்கு நன்றி சொல்லலாம். மற்றதற்கு வேண்டாம்.

வாசகி, தேவகோட்டை: இழுக்காத கூட்டுக்கதை ஒன்று சொல்லுங்களேன்.

பதில்: 1976-ல் டிசியும் மார்வெலும் சேர்ந்து போட்ட சூப்பர்மேன், ஸ்பைடர்மேன் சந்திப்பு. பெரிய அளவில் ஒரே புத்தகம். சந்திக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், சமாதானமாகி வில்லன்களைப் பிடிக்கிறார்கள், தீர்ந்தது.

வாசகர், பள்ளத்தூர்: நம்ம இரும்புக்கை மாயாவியும் ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் இல்லை, பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் ஸ்பைடர்) சேர்ந்து வரவே மாட்டார்களா?

பதில்: வந்துவிட்டார்களே! 2005-ல் தொடங்கிய 'ஆல்பியன்', 6 இதழ். கதையோட்டம் 'வாட்ச்மென்' எழுதிய ஆலன் மூர். எழுதியது அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும். நாம் தமிழில் முத்து காமிக்ஸிலும் லயன் காமிக்ஸிலும் பார்த்த பிரிட்டிஷ் காமிக்ஸ் ஆட்களை ஸ்காட்லாந்துக் கோட்டை ஒன்றில் அரசாங்கம் சிறை வைத்திருக்கிறது. ஸ்பைடருக்கு அங்கேயும் அதே திமிர்!