இலை வளையம் போட்ட காசு அபூர்வமா?

கேள்வி: எங்கள் ஐயா ரங்கூனில் லேவாதேவிக் கடை வைத்திருந்தவர். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் கிடந்த அவருடைய தகரப்பெட்டியில் கொஞ்சம் வெள்ளிக் காசுகள் இருந்தன. அநேகமாக எல்லாவற்றிலும் ஒரு பக்கம் இலை வளையம், நடுவில் எழுத்து. "இது வெற்றிக் காசு, லட்சக்கணக்கில் போகும், இணையத்தில் பதிய முன்பணம் கட்டுங்கள்" என்கிறார் ஒரு தரகர். கட்டலாமா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: கட்டாதீர்கள் ஆச்சி. ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

இலை வளையம் என்பது எழுத்தைச் சுற்றிப் போடும் அலங்காரம், அவ்வளவுதான். பழைய ரோமில் வெற்றிக்கு லாரல் என்ற மரத்தின் இலையைச் சூட்டினார்கள் என்பது உண்மை. அந்த வழக்கத்தைப் பார்த்து அப்புறம் பல நாட்டு நாணயச்சாலைகளும் வளையம் போட்டன. 1835ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாயிலும் உண்டு, சைகோனில் புழங்கிய பியாஸ்தர் என்ற பிரெஞ்சு வெள்ளிக் காசிலும் உண்டு, மாண்டலேயில் பர்மிய அரசர் மிண்டோன் அடித்த மயில் காசின் பின்பக்கத்திலும் உண்டு. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் தாமரையும் ரோஜாவும் சேர்ந்திருக்கும். கடல் கடந்து கொண்டுவிக்கப் போனவர்கள் வீட்டில் இவையெல்லாம் கலந்து கிடப்பதில் அதிசயமில்லை.

மதிப்பு பெரும்பாலும் மறுபக்கத்தில்தான் இருக்கிறது. 1911ஆம் ஆண்டு ரூபாயைத் திருப்பிப் பாருங்கள். அரசர் அங்கியில் இருக்கும் யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு வந்து, பெரும்பாலானவற்றை உருக்கிவிட்டு, 1912இல் யானையைத் திருத்தினார்கள். வளையம் இரண்டிலும் ஒன்றேதான். 1911க்குத் தனி விலை, 1912 சாதாரணம். அதே மாதிரி, "1862, விக்டோரியா ராணியின் முதல் வருடக் காசு" என்று ஆசை காட்டுவார்கள். ரூபாயில் அந்த ஒரே வருடத்தைப் போட்டு 1874 வரை அடித்துத் தள்ளினார்கள். ஊரெல்லாம் கிடக்கிறது.

குறைந்தபட்ச விலையை நீங்களே கணக்குப் போடலாம். 1939 வரையிலான ரூபாய் 11.66 கிராம், அதில் ஏறத்தாழ 10.7 கிராம் சுத்த வெள்ளி. அன்றைய வெள்ளி விலைக்குக் கீழே யார் கேட்டாலும் பேச்சை நிறுத்துங்கள்.

புளி போட்டு விளக்காதீர்கள். சபீனாவும் வேண்டாம். தரகர்களே "தேய்த்துப் பளபளப்பாகக் கொண்டு வாங்க" என்பார்கள், தேய்த்து வந்ததும் "தேய்ஞ்சு போச்சே" என்று பாதி விலை பேசுவார்கள். பதிவுக் கட்டணம், கமிஷன், வரி என்று முன்கூட்டிக் கேட்பது சுத்த மோசடி. ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லியே இப்படிப் பறித்ததால், 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. எச்சரித்து என்ன பயன், விளம்பரங்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

100 ஆண்டு தாண்டிய காசை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பாதீர்கள், சட்டப்படி குற்றம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் காசு பெட்டியில் இருந்தது, அதனால் குடும்பச் சொத்து. வீட்டை இடிக்கும்போது சுவருக்குள்ளோ தரைக்கடியிலோ கிடைத்தால் கதை வேறு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் மண்ணில் புதைந்ததை மட்டும் சொல்லவில்லை, மண்ணோடு ஒட்டிய கட்டடத்துக்குள் மறைந்ததையும் சேர்த்தே சொல்கிறது. மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். ஆமாம், 10 ரூபாய்தான்! அந்தக் காலத்தில் எழுதிய தொகையை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. மறைத்தால் பங்கும் போகும், சிறைக்கும் இடமுண்டு. தெரிவிக்கப் போனாலோ, எந்த மேசையில் கொடுப்பது என்று அலுவலகத்தில் கேட்டால் அடுத்த மேசையைக் காட்டுவார்கள். 100 ஆண்டுக்குள் மறைத்து வைத்தது என்றால், வைத்தவரின் வாரிசுகள் விசாரணையில் அதை நிரூபித்து உரிமை கேட்கலாம். அதனால் பழைய வீட்டை இடிக்கக் கொடுக்கும்போது, பங்குள்ள புள்ளிகள் (குடும்பங்கள்) எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள், உங்கள் ஆள் ஒருவர் கூடவே நிற்கட்டும். கொத்தனார் கண்டெடுத்துத் தரகரிடம் கொடுத்துவிட்டால், அப்புறம் யாரிடமும் போய்க் கேட்க முடியாது.