நள்ளிரவில் தானாக அலறும் கார் அலாரம்: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: ஏழு வருடப் பழைய கார். தெருவோரம் நிறுத்துகிறேன். விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்கு அலாரம் தானாக அடிக்கிறது. பகலில் அடிப்பதே இல்லை. அலாரம் யூனிட்டை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: இப்போது வேண்டாம். யூனிட் பழுதாவது அபூர்வம். அதற்குத் தப்பான சிக்னல் அனுப்பும் சுவிட்ச், அல்லது சார்ஜ் இறங்கிய பேட்டரி, இந்த இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். இரவில் மட்டும் அடிக்கிறது என்பது முக்கியமான தடயம். குளிரில் பேட்டரியின் வலு குறையும், பனி ஈரம் சுவிட்சுக்குள் இறங்கும்.

பேட்டரியை முதலில் சோதியுங்கள். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் மல்டிமீட்டரை (மின்சாரம் அளக்கும் கருவி) 20 வோல்ட் டிசியில் வைத்து அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றுங்கள். முழு சார்ஜிலும் ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியின் ஆயுள் முடிந்தது. வோல்டேஜ் சட்டென்று இறங்கினால் கதவு திறந்து உள்விளக்கு எரிகிறது என்று சில அலாரங்கள் எடுத்துக்கொள்ளும். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், நெகட்டிவை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரில் தேய்த்துக் கழுவி, காய்ந்தபின் இறுக்குங்கள்.

பேட்டரி சரியென்றால் என் சந்தேகம், பானெட் திறந்திருக்கிறதா என்று யூனிட்டுக்குச் சொல்லும் பானெட் சுவிட்ச் மீதுதான். பானெட் லாக்கிலோ அதன் அருகிலோ இருக்கும். மழை, தூசி, வாட்டர் வாஷ் எல்லாமே அதன்மீதுதான் விழுகின்றன. உள்ளே துரு ஏறினாலும், ஸ்பிரிங் தளர்ந்தாலும், பானெட்டைத் தாங்கும் ரப்பர் இறங்கி பானெட் சரியாகப் படியாவிட்டாலும், மூடிய பானெட்டைத் திறந்ததாகவே யூனிட்டுக்குச் சொல்லும். கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரின் பீப் நிலையில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) சுவிட்சை அழுத்தி, விட்டு, லேசாக அசைத்துப் பாருங்கள். அழுத்தும்போது ஒரு நிலை, விடும்போது மறு நிலை என்று தெளிவாக மாற வேண்டும். நடுவில் விட்டு விட்டு வந்தால் அதுதான் கோளாறு. காண்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிடுங்கள். எண்ணெய் ஸ்பிரே வேண்டாம், தூசி ஒட்டும். அப்படியும் சரியாகாவிட்டால் சுவிட்சை மாற்றுங்கள், யூனிட்டைவிட மிக மலிவு. அப்படியே அந்த வயரை எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். தெருவோரம் நிற்கும் வண்டிகளில் இது சர்வசாதாரணம்.

கதவுகளுக்கு எளிய வழி உண்டு. உள்விளக்கை 'டோர்' நிலையில் வைத்து, மூடிய கதவுகளையும் டிக்கியையும் ஒவ்வொன்றாக அழுத்தி ஆட்டுங்கள். எதை ஆட்டும்போது விளக்கு மினுக்குகிறதோ அந்த லாக்கில்தான் பிரச்சினை.

வெளியே வாங்கிப் பொருத்திய அலாரம் என்றால் டேஷ்போர்டுக்கு அடியில் ஷாக் சென்சார் இருக்கும். ஒட்டிய டேப் விட்டுப்போய்த் தொங்கினால் லாரி போகும் அதிர்வே போதும், அடித்துவிடும். உறுதியாகக் கட்டிவிட்டு, சென்சிட்டிவிட்டி திருகைக் குறைக்கும் பக்கம் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். இவ்வகை அலாரங்கள் பலவற்றில் ரிமோட்டால் திறக்கும்போது கூடுதல் பீப் ஒலியோ எல்இடி மினுக்கலோ வரும். எந்த சென்சார் தூண்டியது என்பதை அது சொல்லும். எண்ணிக்கைக்கான பொருள் கையேட்டில் இருக்கும். அலாரம் அடித்த மறுநாள் காலையில் கதவைத் திறக்கும்போதே அதைக் கவனித்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம்.

கோளாறு பிடிபடும்வரை சாவியால் பூட்டி, சாவியாலேயே திறங்கள். பல கார்களில் அப்போது அலாரம் இயங்காது. சைரன் வயரை மட்டும் வெட்டாதீர்கள். சில சைரன்களுக்குள் தனி பேட்டரி இருக்கும், வெட்டினால் திருட்டு என்று நினைத்துத் தானாகவே அலறும்.