அம்மா அசையாமல் உட்கார்ந்தால் ஏசி நின்றுவிடுகிறது: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: மார்ச் மாதம் தி.நகரில் 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி ஒன்று வாங்கினோம். "ரூமில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று அதுவே பார்த்துக்கொள்ளும், கரன்ட் பில் நன்றாகக் குறையும்" என்று சொல்லி, எட்டாயிரம் ரூபாய் கூடுதலான மாடலைக் கொடுத்தார்கள். வேளச்சேரி வீட்டில் பகலில் 74 வயது அம்மா மட்டும்தான் இருப்பார். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அரைமணி நேரத்தில் ஏசி தானாக நின்றுவிடுகிறது, அம்மா வியர்த்துப்போய் எழுந்திருக்கிறார். சர்வீஸ் ஆள் இரண்டு முறை வந்து "பழுது இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். அதற்கு முன்னால், ஏசி ஏன் நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை வீட்டிலேயே தீரும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால், அதில் இருப்பது அனேகமாக பிஐஆர் சென்சார். மாடிப்படி லைட்டில், ஏடிஎம் வாசலில் எல்லாம் இருக்குமே, பால் நிறத்தில் ஒரு சின்னக் குமிழ், அதே வகைதான். அதற்கு ஆள் தெரியாது. உடம்பிலிருந்து வரும் வெப்பக் கதிர் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகர்கிறதா என்பது மட்டும்தான் தெரியும். குறுக்கே நடந்தால் உடனே பிடித்துவிடும், நேராக அதை நோக்கி நடந்து வந்தால் அவ்வளவு நன்றாகப் பிடிக்காது, அசையாமல் உட்கார்ந்திருப்பவரைப் பிடிக்கவே பிடிக்காது. அதனால் அம்மா கண் அயர்ந்ததும், அந்த ஏசியின் கணக்கில் ரூம் காலி.

என் வீட்டுக் குளியலறைக்கு ரிச்சி தெருவில் இப்படி ஒரு சென்சார் லைட் வாங்கி மாட்டினேன். தலைக்கு சீயக்காய் தேய்த்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கும்போது லைட் அணைந்துவிடும், இருட்டில் கையை மேலே தூக்கி ஆட்டினால்தான் மறுபடி எரியும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது ஆபத்து. ஒரே வாரத்தில் கழற்றிவிட்டு சாதாரண சுவிட்ச் போட்டேன்.

ஆள் எங்கே இருக்கிறார் என்று கருவியே கண்டுபிடித்து அதற்கேற்ப நடந்துகொள்ளும் இந்த யோசனை பழையதுதான். 1990களின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருந்த ஆலிவெட்டி ஆய்வகத்தில் ஊழியர்கள் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்திக்கொண்டார்கள். அது சில நொடிகளுக்கு ஒருமுறை அகச்சிவப்பு சிக்னல் அனுப்பும், ஆள் எந்த அறையில் இருக்கிறாரோ அங்கிருக்கும் போனுக்கு அவருடைய அழைப்பைத் திருப்பிவிடலாம். ஆள் எந்த அறையில் என்பது அந்த பேட்ஜுக்குத் தெரியும். அங்கே அவர் முக்கியமான பேச்சில் இருக்கிறாரா என்பது தெரியாது. முப்பது வருஷம் கழித்தும் அதே இடைவெளிதான் உங்கள் ஏசியில் இருக்கிறது: கிடைத்த ஒரு சின்னத் தடயத்தை வைத்து மீதியைத் தயாரிப்பவர்கள் ஊகிக்கிறார்கள், அந்த ஊகத்தைப் போடும்போது நடமாடிக்கொண்டே இருக்கும் ஒருவரை மனதில் வைத்துத்தான் போட்டிருக்கிறார்கள், 74 வயதில் மதியம் உட்கார்ந்து தூங்குகிறவரை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. இதுதான் எனக்கு உண்மையான வருத்தம்.

இப்போது செய்ய வேண்டியது. ரிமோட்டிலோ ஆப்பிலோ ஆள் அறியும் வசதியை அணைக்க வழி இருக்கும், கையேட்டைப் பாருங்கள், இல்லையென்றால் சர்வீஸ் ஆளையே அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். சில மாடல்களில் எவ்வளவு நேரம் கழித்து நிற்க வேண்டும் என்பதையும் மாற்றலாம். ஆப்பில் "வீட்டை விட்டுக் கிளம்பினால் அணை" என்ற வசதி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அது உங்கள் போன் போகும் இடத்தைப் பார்க்கிறது, அம்மா வீட்டில் இருப்பது அதற்குத் தெரியாது.

அணைக்கவே முடியாது என்றால் விடாதீர்கள். விளம்பரத் தாளில் "ஆள் இருந்தால் குளிர்விக்கும்" என்கிற மாதிரி அச்சடித்திருந்தால் பத்திரப்படுத்துங்கள், கடைக்காரர் வாயால் சொன்னதை நிரூபிப்பது கஷ்டம். பில், இரண்டு சர்வீஸ் ரிப்போர்ட், ஏசி நிற்பதை மணியோடு எடுத்த வீடியோ, இவை போதும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பலன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை.

கேள்வி: மயிலாப்பூரில் இருக்கும் அப்பாவின் போனில் பிரஷர் மாத்திரைக்கு நினைவூட்டும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். முதல் வாரம் சரியாக ஒலித்தது, இப்போது பிந்தி வருகிறது, சில நாள் வருவதே இல்லை. போன் பழசாகிவிட்டதா, புதிது வாங்கட்டுமா?

பதில்: வாங்காதீர்கள், புதிய போனிலும் இதே கதைதான். 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், எந்த ஆப்பை அதிகம் திறக்கிறீர்கள் என்று போனே கவனித்து, அதிகம் திறக்காததை ஓரங்கட்டி பேட்டரியை மிச்சப்படுத்துகிறது. அப்பா அந்த ஆப்பைத் திறப்பதே இல்லை, அது ஒலித்தால் மாத்திரை போடுகிறார், அவ்வளவுதான். போனோ "இது இவருக்கு வேண்டாத ஆப்" என்று முடிவு கட்டிவிடுகிறது. அதோடு பல போன் கம்பெனிகள் தங்கள் சொந்த பேட்டரி சேமிப்பையும் மேலே போட்டு வைத்திருக்கின்றன.

செட்டிங்ஸில் அந்த ஆப்பைத் திறந்து, பேட்டரி என்ற இடத்தில் "அன்ரெஸ்ட்ரிக்டட்" என்று மாற்றுங்கள். "ஆட்டோ லாஞ்ச்" இருந்தால் அதையும் அனுமதியுங்கள். இரண்டு நாள் நீங்களே பக்கத்தில் இருந்து பாருங்கள். அதுவரைக்கும், ஏன் அப்புறமும்கூட, போனோடு வரும் கடிகாரத்திலேயே காலை எட்டு மணிக்கு ஒரு அலாரம் வைத்துவிடுங்கள். அதைப் போன் இப்படி ஓரங்கட்டாது.

கேள்வி: தாம்பரத்தில் புது ஃபிளாட். லைட், ஃபேன், ஏசி எல்லாம் ஆளுக்கேற்ப தானாக இயங்கும்படி செய்ய 1,80,000 ரூபாய் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். தரலாமா?

பதில்: அவர்கள் ஏற்கெனவே செய்துகொடுத்த வீடு ஒன்றுக்கு உங்களைக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். அங்கே போய் ரவுட்டரை அணைத்துவிட்டு லைட் போடச் சொல்லிப் பாருங்கள். இன்டர்நெட் போனால் இருட்டில் உட்கார வேண்டிய வீடு வேண்டாம். கரன்ட் போய் வந்த பிறகு எல்லாம் எந்த நிலையில் திரும்புகிறது என்றும் பாருங்கள். முடிந்தால் கத்திரி வெயிலில், மதியம் இரண்டு மணிக்குப் போங்கள்: ஏசி இல்லாத ஹாலில் சுவரும் உடம்பும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும்போது பிஐஆர் சென்சார் திணறும், டிசம்பரில் நன்றாக வேலை செய்தது மே மாதத்தில் கண்ணைக் கட்டிக்கொள்ளும். மூச்சு விடும் அசைவைக்கூடப் பிடிக்கிற ரேடார் வகை சென்சார்கள் இருக்கின்றன, விலை கூடுதல், படுக்கையறைக்கு மட்டும் கேட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு அறையிலும் கையால் தட்டிப் போடும் சுவிட்ச் சுவரில் இருக்க வேண்டும், ஆப் இல்லாமலே அது வேலை செய்ய வேண்டும். இதைக் கொட்டேஷனிலேயே எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.