பிரெஞ்சு மெய்யியலாளர் தெரிதாவின் ‘டிகன்ஸ்ட்ரக்‌ஷன்’ (deconstruction) என்ற சொல்லுக்குத் தமிழில் ‘கட்டுடைப்பு’ சரியா, ‘கட்டவிழ்ப்பு’ சரியா?

ஏதோ ஒரு மொழிபெயர்ப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். ஒரு பனுவலின் கட்டமைப்பு உள்ளிருந்தே நெகிழ்ந்து பிரிவதைக் குறிக்கும் அச்சொல்லுக்குக் ‘கட்டவிழ்ப்பு’ என்பதே என் விடை. நான் பிரெஞ்சுப் புலமை உடையவன் அல்லன். அகராதியின் துணையோடு படிக்கும் அளவே அம்மொழி தெரியும் என்பதை, யாரேனும் சுட்டிக்காட்டும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் சிற்றிதழ் ஒன்றுக்குத் தெரிதாவைப் பற்றி எழுதிய கட்டுரையில் பதினோரு இடங்களில் ‘கட்டவிழ்ப்பு’ என்றிருந்தேன். அச்சில் பதினொன்றும் ‘கட்டுடைப்பு’ ஆகியிருந்தன. கேட்டபோது, “பழகிய சொல், வேகமும் இருக்கிறது” என்றார் ஆசிரியர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதைவிட, அந்த வேகம்தான் சிக்கலே.

மெய்யியலாளர் ஹைடெகர் 1927-இல் ஜெர்மன் மொழியில் கையாண்ட ‘டெஸ்ட்ருக்ட்சியோன்’ என்ற சொல்லைப் பிரெஞ்சுக்குக் கொண்டுவர முயன்ற தெரிதா, அங்கே ‘தெஸ்த்ருக்சியோன்’ என்றால் அழிவு என்ற பொருளே மேலோங்கி நிற்கும் என்பதால்தான் அதைக் கைவிட்டுத் ‘தெகோன்ஸ்த்ருக்சியோன்’ (டிகன்ஸ்ட்ரக்‌ஷனின் பிரெஞ்சு மூலம்) என்பதை எடுத்ததாக, 1983-இல் ஜப்பானிய நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் விளக்குகிறார். எந்த வாடைக்கு அஞ்சி அவர் சொல்லை மாற்றினாரோ, அதையே ‘உடைப்பு’ மீண்டும் அழைத்துவருகிறது.

அந்தச் சொல் லித்ரே என்ற பிரெஞ்சு அகராதியில் இருந்ததைக் கண்டதாகவும் அவர் எழுதுகிறார். வேறிடம் கொண்டுசெல்வதற்காக இயந்திரத்தைப் பகுதி பகுதியாகக் கழற்றுவது, தொடரில் சொற்கள் நிற்கும் முறையைக் கலைப்பது, யாப்பை நீக்கிச் செய்யுளை உரைநடை போலாக்குவது என்று அங்கே பொருள்கள் உள்ளன. இவற்றைப் படித்தபோது எனக்கு நம் உரையாசிரியர்களே நினைவுக்கு வந்தார்கள். கொண்டுகூட்டிப் பொருள் சொல்லும் உரைகாரர் செய்யுளின் சொற்களை இடம் மாற்றி வைக்கிறார். அதனால் பாட்டு உடைந்துபோவதில்லை, அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது தெரியவருகிறது. (இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வர வேண்டாம்.)

ஆனால் நான் வாதாடிய சொல்லும் ஓரிடத்தில் வழுக்குகிறது. இது ஒருவர் முனைந்து செய்யும் செயல் அன்று, தானாகவே நிகழ்வது என்பதை அதே கடிதத்தில் தெரிதா அழுத்திச் சொல்கிறார். ‘அவிழ்ப்பு’ பிறவினையிலிருந்து வருவதால் அவிழ்ப்பவர் ஒருவரைக் கேட்கிறது. தன்வினையான ‘கட்டவிழ்தல்’ கேட்பதில்லை. பழம்பாடல்களில் மலர் தானே கட்டவிழ்கிறது. அடுத்த கட்டுரையில் அப்படியே எழுதப்போகிறேன், ஆசிரியர் விட்டுவைத்தால்.