வீட்டில் கிடா உரிக்க எந்தக் கத்தி வாங்கலாம்? 500 ரூபாய்க்குள் ஒரு வழி

கரூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுகிறோம். உரிப்பதை நானும் அண்ணனும் வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம். காய்கறிக் கத்தியில் ஆரம்பித்தால் பாதியிலேயே மழுங்கிவிடுகிறது, தோலும் கண்ட இடத்தில் கிழிகிறது. ஆன்லைனில் உரிக்கும் கத்தி என்று தேடினால் மூவாயிரம், நாலாயிரம் சொல்கிறார்கள். 500 ரூபாய்க்குள் நல்லதாக ஒன்று கிடைக்குமா? அதே கத்தி கோழிக்கும் முயலுக்கும் ஆகுமா?"

கிடைக்கும். ஐந்து அங்குல அலகு, முனைப்பக்கம் வளைந்து மேலேறும் வடிவம், கார்பன் எஃகு, வழுக்காத பிடி, இவ்வளவுதான் தேவை. கொல்லம்பட்டறையிலோ கறிக்கடைச் சாமான் விற்கிற கடையிலோ 200, 300 ரூபாய்க்குள் இப்படி ஒன்றை வாங்கிவிடலாம். மிச்சக் காசில் ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் நைசாகவும் இருக்கிற சாணைக்கல் ஒன்று வாங்குங்கள். கல் இல்லாமல் கத்தி மட்டும் வாங்கினால், நாலாயிரம் கொடுத்தாலும் அடுத்த கிடாவில் இதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள்.

உங்கள் கத்தி பாதியில் மழுங்குவதற்குக் கத்தி மட்டும் காரணம் இல்லை. ஆட்டு மயிருக்குள் நிறைய மண் இருக்கும். பட்டியில் படுத்துப் புரண்ட ஆடு என்றால் சொல்லவே வேண்டாம். மயிரின் மேலிருந்து தோலை அறுக்கும்போது கூர் முதலில் அந்த மண்ணில்தான் உரசுகிறது, பத்து அங்குலம் இழுப்பதற்குள் போய்விடுகிறது. அதனால் முந்தின நாளே கிடாவைக் குளிப்பாட்டிக் காயவிடுங்கள். அப்புறம், அறுக்கும் திசையை மாற்றுங்கள். தொங்கவிட்ட பிறகு பின்னங்கால் முட்டிக்குக் கீழே தோலில் சின்னதாக ஒரு வாய் திறந்து, அதற்குள் கத்தி முனையை விட்டு, கூர் வெளியே பார்க்கிற மாதிரி வைத்து, உள்ளிருந்து வெளிப்பக்கமாக அறுத்துக்கொண்டு போக வேண்டும். அப்போது கூர் தொடுவது தோலின் உட்புறத்தைத்தான், மயிர் தானாக இரண்டு பக்கமும் விலகிக்கொள்ளும். கறியில் மயிர் ஒட்டுவதும் நன்றாகக் குறைந்துவிடும். காலிலிருந்து கவட்டை வரை, அப்புறம் வயிற்றின் நடுக்கோட்டில் நெஞ்சு, கழுத்து வரை, முன்னங்கால்களின் உட்பக்கம், இவ்வளவுக்குத்தான் கத்தி வேலை.

இதற்கு மேல் கத்தியைக் கீழே வைத்துவிடலாம். ஆட்டை உரிப்பது கையால்தான். தோலை இடது கையில் இழுத்துப் பிடித்து, வலது கையை மடக்கி, விரல் கணுக்களால் தோலுக்கும் கறிக்கும் நடுவில் இருக்கிற வெள்ளைச் சவ்வை அழுத்தித் தள்ளிக்கொண்டே வாருங்கள். உடம்பில் சூடு இருக்கும்போது அது தானாகப் பிரிந்து வரும். ஆறிவிட்டால் சவ்வு இறுகிப் பிடித்துக்கொள்ளும், அப்போது எல்லோரும் கத்தியை எடுப்பார்கள், தோலில் ஓட்டை விழுவதும் அங்கேதான். விழாவுக்கு வந்தவர்களோடு பேசிக்கொண்டு ஒரு மணி நேரம் போக்கிவிட்டு உரிக்க உட்காராதீர்கள். வாலடி, நெஞ்செலும்பின் மேல், கழுத்து, கெண்டைக்கால் என்று நாலைந்து இடங்களில் மட்டும் கை போகாது. அங்கே தோலை விறைப்பாக இழுத்துப் பிடித்து, கத்தியின் வளைந்த வயிற்றுப் பகுதியால் லேசாக வருடினால் போதும்.

வளைந்த அலகு ஏன் என்பது இப்போது புரியும். நேர் அலகுக் கத்தியில் முனைதான் முதலில் போய்க் குத்தும், தோலிலோ கறியிலோ ஏதாவது ஒன்றில் ஓட்டை விழும். வளைவு இருந்தால் முனை மேலே ஒதுங்கிக்கொள்ளும். முனை ரொம்பக் கூர்மையாக இருந்தால் கல்லில் கொஞ்சம் தேய்த்து மழுக்கிக்கொள்வது இன்னும் நல்லது. நீளம் ஐந்து அங்குலம் போதும், ஆறு அங்குலம் எல்லாம் மாடு, எருமை உரிப்பவர்களுக்கு. அலகின் முதுகு இரண்டு மில்லிமீட்டர், மிஞ்சினால் இரண்டரை. பட்டறைகளில் வழக்கமாக அரிவாள் கனத்துக்கு அடித்துக் கொடுத்துவிடுவார்கள், அந்தக் கனத்தில் சவ்வு அறுபடாது, பிய்யும். அதனால் பழைய அட்டையில் வடிவத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போய்க் காட்டி, கனத்தையும் வாயால் சொல்லிவிட்டு வாருங்கள்.

எஃகு விஷயத்தில் நம் ஊர்க் கொல்லர்களை நம்பலாம். அவர்கள் பெரும்பாலும் எடுப்பது லாரி வில்பட்டையை (வண்டியின் அடியில் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை). அது நல்ல கார்பன் உள்ள எஃகு, ஒழுங்காகப் பதம் போட்டால் (காய்ச்சிக் குளிரவைத்து எஃகைக் கடினமாக்கினால்) கூர் நிற்கும், வீட்டுக் கல்லில் சீக்கிரம் தீட்டவும் வரும். அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி மாதிரி ஊர்களில் சொல்லி அடித்து வாங்க வாய்ப்பிருந்தால் தயங்காதீர்கள். சில பட்டறைகளில் பழைய பவர் ஹாக்சா (இரும்பு அறுக்கும் இயந்திர ரம்பம்) பிளேடிலும் கத்தி செய்து தருவார்கள். அதில் கூர் நெடுநேரம் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் முழுக்கக் கடினமான பிளேடாக இருந்தால் மூட்டுக்குள் விட்டுத் திருகும்போது ஒடிந்து போகும், மழுங்கினால் தீட்டுவதற்குள் கை வலித்துவிடும். வருஷத்துக்கு மூன்று முறை உரிப்பவருக்கு அது வேண்டாம்.

துரு பிடிக்கும் என்று பயந்து ஸ்டெயின்லெஸ் வாங்குவதாக இருந்தால் கடைக்கு ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு போங்கள். கத்திக்கு ஆகும் ஸ்டெயின்லெஸ்ஸில் காந்தம் நன்றாக ஒட்டும். பாத்திரம் செய்கிற வகையில் ஒட்டாது, அல்லது பட்டும் படாமலும் ஒட்டும். அந்த வகைக்குப் பதமே ஏறாது, கூர் நிற்காது. காந்தம் ஒட்டிவிட்டதாலேயே நல்ல கத்தி என்று ஆகிவிடாது, ஆனால் ஒட்டாததை யோசிக்காமல் தள்ளிவிடலாம்.

ஆன்லைனில் நீங்கள் பார்த்த விலைக்கு வருவோம். முதுகில் கொக்கி வைத்த கத்திகள் மானை வேட்டையாடும் அமெரிக்க வேட்டைக்காரர்களை மனதில் வைத்துச் செய்தவை. வயிற்றைக் கீறுவதற்கு அந்தக் கொக்கி, அதைத் தீட்டத் தனியாக உருட்டை அரம் வேண்டும். அலை அலையாகக் கோலம் போட்ட டமாஸ்கஸ் கத்திகளில் மலிவானவை பலவற்றில் அந்தக் கோலம் மேலே பொறித்ததுதான், எஃகுக்குள் ஒன்றும் இருக்காது. மடக்குக் கத்தி உரிப்பதற்கு ஆகவே ஆகாது, மூட்டுக்குள் கொழுப்பும் ரத்தமும் இறங்கினால் கழுவி எடுக்க முடியாது. பெரிய கறித் தொழிற்சாலைகளில் புழங்கும் விக்டோரினாக்ஸ் போன்ற கத்திகளின் கடினமே, எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 55, 56தான். வேலைக்கு நடுவில் கூர் தீட்டும் கம்பியில் இரண்டு இழுப்பு இழுத்தால் கூர் திரும்ப வர வேண்டும் என்பதற்காக அந்த அளவிலேயே வைத்திருக்கிறார்கள். அதைவிடக் கடினமான எஃகுக்குக் காசு கொடுத்தால், எலும்பில் பட்டதும் பொடிந்த விளிம்பைப் பார்க்க வேண்டிவரலாம்.

பிடியைப் பற்றிக் கடைக்காரர் எதுவும் சொல்ல மாட்டார், நீங்கள்தான் பார்க்க வேண்டும். கொழுப்பு பட்ட கையில் வழவழப்பான பிடி நிற்காது. விரல் முன்னால் சறுக்கி அலகில் ஏறாதபடி பிடியின் முன்பக்கம் ஒரு மேடு இருக்க வேண்டும். சொரசொரப்பான பிளாஸ்டிக் பிடி நல்லது. மரப்பிடி என்றால் ஆணிக்கும் மரத்துக்கும் நடுவில் இடுக்கு இல்லாமல் பாருங்கள். சைக்கிள் டியூப் சுற்றும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு, பிடிப்பு கிடைக்கும், ஆனால் அடியில் ரத்தம் தேங்கி நாறும். சுற்றினால் ஒவ்வொரு தடவையும் அவிழ்த்துக் கழுவ வேண்டும்.

இனி தீட்டுவது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பாதி வேலை இதில்தான் இருக்கிறது. கல்லை ஈரத்துணி மேல் வைத்து அசையாமல் செய்துகொள்ளுங்கள். கல்லில் தண்ணீர் விடுங்கள் (ஒரு தடவை எண்ணெய் விட்ட கல்லுக்கு அப்புறம் தண்ணீர் சரிப்படாது, ஏதாவது ஒன்றோடு நில்லுங்கள்). மூன்று சென்டிமீட்டர் அகலமுள்ள அலகு என்றால் முதுகை ஒரு சென்டிமீட்டர் தூக்கினால் கிட்டத்தட்ட 20 டிகிரி வரும். அதே சாய்வில், பிடிப்பக்கம் தொடங்கி முனை வரை, கல்லிலிருந்து ஒரு மெல்லிய சீவல் எடுக்கிற மாதிரி கூரை முன்னால் விட்டுத் தள்ளுங்கள். வளைவு வரும் இடத்தில் பிடியைக் கொஞ்சம் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் வளைவு மட்டும் தீட்டாமல் நின்றுவிடும், உரிக்கும்போது உங்களுக்கு வேண்டியதோ அந்த இடம்தான். ஒரு பக்கம் தீட்டிக்கொண்டே இருந்தால் மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு ஒன்று எழும்பும். பெருவிரலைக் கூருக்குக் குறுக்காக, முதுகிலிருந்து வெளியே தடவினால் நகத்தில் தட்டும். கூர் நெடுக அது எழும்பிய பிறகுதான் அடுத்த பக்கம் திருப்ப வேண்டும். பலரும் எண்ணிக்கை வைத்துப் பத்து இழுப்பு, பத்து இழுப்பு என்று மாற்றி மாற்றித் தேய்க்கிறார்கள், பிசிறு வராமல் எத்தனை தேய்த்தாலும் கூர் வராது. அப்புறம் நைசுப் பக்கத்தில் இதையே மெதுவாகச் செய்து, கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் முதுகுப்பக்கமாக இழுத்துப் பிசிறை நீக்கிவிடுங்கள். நியூஸ்பேப்பரை ஒரு கையில் தொங்கவிட்டு அறுத்தால் சத்தமில்லாமல் இறங்க வேண்டும். சக்கரத்தில் சாணை பிடிக்கிறவரிடம் கொடுத்தால் பக்கத்திலேயே நின்று பாருங்கள். கூர் விளிம்பு நீலம் பாய்ந்துவிட்டால் சூட்டில் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம், அந்த நீலம் முழுக்கத் தேய்ந்து போகும்வரை அந்த இடத்தில் கூர் நிற்காது.

உரித்த கத்தியாலேயே கறியை அறுக்காதீர்கள். மயிரையும் தோலின் வெளிப்பக்கத்தையும் தொட்ட கத்தி அது. 500 ரூபாயில் முடிந்தால் ஒரே வகையில் இரண்டு கத்தியாக வாங்கி ஒன்றைத் தோலுக்கு, ஒன்றைக் கறிக்கு என்று வைத்துக்கொள்ளலாம். எலும்பு உடைப்பதற்குப் புளியமரக் கட்டையும் வெட்டுக்கத்தியும் தனி. வேலை முடிந்ததும் முதலில் பச்சைத் தண்ணீரில் ரத்தத்தைக் கழுவுங்கள், எடுத்தவுடன் வெந்நீர் ஊற்றினால் ரத்தம் வெந்து அலகில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சோப்பு, அதற்கும் அப்புறம் கொதிக்கிற தண்ணீர். கசாப்புக் கூடங்களில் கத்தி முக்கும் தண்ணீருக்கு 82 டிகிரி செல்சியஸ் என்று அளவு வைத்திருக்கிறார்கள். துடைத்துக் காயவைத்துத் தேங்காயெண்ணெய் தடவிப் பழைய துணியில் சுற்றி வையுங்கள், துரு எட்டிப் பார்க்காது.

தோலுக்கு முன்புபோல விலை இல்லைதான். இருந்தாலும் ஓட்டை விழாத தோலை எறிய வேண்டாம். அதன் எடையில் மூன்றில் ஒரு பங்காவது கல்லுப்பை உட்பக்கத்தில் அழுத்தித் தேய்த்து, அன்றைக்கே தோல் வியாபாரியிடம் சேர்த்துவிடுங்கள். திண்டுக்கல், ஈரோடு தோல் மண்டிகள் உங்களுக்குத் தூரமில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நேற்று வரை மேய்ந்துகொண்டிருந்த ஆடு திடீரென்று செத்து, மூக்கிலோ வாயிலோ ஆசனவாயிலோ உறையாத கருஞ்சிவப்பு ரத்தம் வழிந்தால், எவ்வளவு நஷ்டம் என்றாலும் அதில் கத்தி வைக்காதீர்கள், தோலுக்காகக்கூட. அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். உரிப்பவரின் கையில் இருக்கிற சின்னக் கீறல் வழியாகவே மனிதருக்கு ஏறும், உடலை அறுத்துக் காற்றுப் படவிட்டால் கிருமி விதைகளாக மாறி அந்த மண்ணில் பல வருஷம் கிடக்கும். 1962 எண்ணுக்குப் போன் செய்து கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிட்டு, அவர் சொல்கிறபடி உடலை அப்புறப்படுத்துவது ஒன்றுதான் வழி. நல்ல ஆட்டை உரிக்கும்போதும் கையில் புண் இருந்தால் ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கோழிக்கும் முயலுக்கும் இதே கத்தி தாராளமாக ஆகும். கோழித்தோலுக்குக் கத்தியே பெரிதாகத் தேவையில்லை, நெஞ்சில் ஒரு கீறல் போட்டு விரல் விட்டு இழுத்தால் வந்துவிடும். முயலுக்குப் பின்னங்கால் இரண்டையும் கட்டித் தொங்கவிட்டு, கணுக்காலைச் சுற்றி ஒரு கீறல், அங்கிருந்து கவட்டை வரை ஒரு கீறல், பிறகு பனியனைத் தலைவழியாகக் கழற்றுவதுபோலக் கீழ்நோக்கி இழுத்தால் மொத்தமாகக் கழன்றுவிடும். முயல் தோல் மெல்லியது, அதனால் அன்றைக்குப் புதிதாகத் தீட்டிய கத்தியாக இருக்கட்டும். இது வீட்டில் வளர்க்கிற முயலுக்குத்தான், காட்டு முயலைப் பிடிப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.