பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு ரிப்போர்ட்

அன்புள்ள அம்மா,

எனக்கு 30 வயது, ஈரோடு பக்கம். திருமணமாகி ஐந்து வருடம் முடியப்போகிறது. குழந்தை இல்லை. சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறது, அதற்கு வைத்தியம் நடக்கிறது. ஆனால் என் பிரச்சினை மாமியார்தான்.

போன மாதம் கொழுந்தனார் மனைவிக்கு வளைகாப்பு. அவர்களுக்குத் திருமணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. சந்தனம் பூச ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. சமையலறைக்குப் போய் எலுமிச்சை சாதக் குண்டான் பக்கத்தில் நின்றுகொண்டேன். ஒரு சின்னப் பெண் வந்து, "பெரியம்மா, உங்களுக்கு வளையல் வேண்டாமா?" என்று கேட்டாள்.

கணவர் நல்லவர். ஆனால் அவருடைய அம்மா என்ன சொன்னாலும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். டாக்டர் எடை குறைக்கச் சொன்னதிலிருந்து மாமியார் என் தட்டையே பார்க்கிறார். 76 கிலோ இருந்தேன், 70-க்கு வந்துவிட்டேன். அதை யாரும் பார்க்கவில்லை. குழந்தை வரம் வேண்டி திருக்கருகாவூர் கோயிலுக்குப் போய் நெய் வாங்கி வந்து 48 நாள் இரண்டு பேரும் சாப்பிட்டோம். கருமுட்டை வளர லெட்ரோசோல் மாத்திரை நான்கு மாதம், கூடவே ஸ்கேன். மூன்று முறை முட்டை வெடித்து வெளியே வந்துவிட்டது என்றார்கள், ஆனாலும் நாள் வந்துவிட்டது. கணவருக்கும் ஒரு டெஸ்ட் எடுக்கலாம் என்றார் டாக்டர். "அவருக்கு ஒன்றும் இருக்காது, குறை என்னிடம்தான்" என்று நானே சொல்லிவிட்டேன்.

வளைகாப்பில் என்னைக் கூப்பிடாததை மறக்க முடியவில்லை அம்மா. ஒரு நாள் மாமியார் பக்கத்து வீட்டில், "பார்த்துப் பார்த்துத்தான் கட்டினோம்" என்று சொன்னது காதில் விழுந்தது. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல்லூரி இரண்டாம் வருடத்திலேயே நாள் தள்ளித் தள்ளிப் போய் ஸ்கேன் எடுத்தோம், பெண் பார்க்க வந்தபோது சொல்ல வேண்டாம் என்றார் என் அம்மா, இவர் கல்யாணத்துக்குப் பிறகு வந்தது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார், அந்த ரிப்போர்ட் இன்னமும் அம்மா வீட்டுப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கிறது. அதெல்லாம் பழைய கதை. கணவரை எனக்காகப் பேச வைப்பது எப்படி? தனிக்குடித்தனம் கேட்கலாமா?

- பெயர் வேண்டாம்

அன்புள்ள மகளுக்கு,

வளைகாப்பில் உங்களைக் கூப்பிடாதது தவறு. அந்தக் குழந்தைக்குத் தெரிந்தது பெரியவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் அதை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். கடிதம் முழுக்க மாமியார் வருகிறார், வளைகாப்பு இரண்டு முறை வருகிறது. ரிப்போர்ட் ஒரே ஒரு தடவை வருகிறது. பீரோவில் எங்கே வைத்தீர்களோ, கடிதத்திலும் அங்கேயே வைத்திருக்கிறீர்கள்.

அது பழைய கதை இல்லை. ஐந்து வருடமாக அந்த வீட்டில் கடன்காரியைப் போல வாழ்கிறீர்கள். கொடுத்தவருக்கே தெரியாத கடன். மாமியார் தட்டைப் பார்த்தால் அது வட்டி, பக்கத்து வீட்டில் பேசினால் அதுவும் வட்டி. டாக்டர் கேட்ட டெஸ்டை வேண்டாம் என்றீர்களே, அதைக் கணவர் மேல் உள்ள பரிவு என்று நினைக்கிறீர்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. குற்ற உணர்ச்சி, அவரைக் கேட்காமலே அவர் சார்பில் பேசிவிட்டது.

மூன்று முறை முட்டை வெடித்திருக்கிறது என்றால் மருந்துக்கு உங்கள் சினைப்பை இணங்கியிருக்கிறது என்று பொருள். அதன் பிறகு நடக்க வேண்டியதில் பாதி அவருடையது. அந்தப் பாதியை இதுவரை யாரும் பார்க்கவே இல்லை. குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் தரப்பிலும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, கத்தி இல்லை. இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்த்துவிட்டு மாதிரி கொடுத்தால் போதும். அவரிடம் குறை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நெய்யை இரண்டு பேரும் சாப்பிட்டீர்கள், மாத்திரையை மட்டும் நீங்கள் ஒருவராகவே விழுங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

நீர்க்கட்டி என்ற பெயரே பாதிப் பயத்தைக் கிளப்பிவிடுகிறது. ஸ்கேனில் தெரிவது கட்டியே அல்ல. வளர ஆரம்பித்து, முழுதாக முதிராமல் நின்றுபோன கருமுட்டைப் பைகள். ஏறக்குறைய பத்துப் பெண்களில் ஒருவருக்கு இது இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் தாயாகிறார்கள், சிலருக்கு மருந்து வேண்டியிருக்கிறது, சிலருக்கு நாள் பிடிக்கிறது. நீங்கள் மறைத்தது இவ்வளவுதான். மறைத்து மறைத்துத்தான் அது மலையாகிவிட்டது.

அதற்காக மறைத்ததைச் சரி என்று சொல்ல மாட்டேன். திருமணத்துக்கு முன் தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு இருந்தது. அம்மா சொன்னார் என்கிறீர்கள். அப்போது உங்களுக்கு 25 வயது. அதற்குப் பிறகு ஐந்து வருடம் யார் சொல்லிச் சொல்லாமல் இருந்தீர்கள்? கணவர் வாயைத் திறப்பதில்லை என்ற குறையைப் படித்தபோது எனக்கு லேசாகச் சிரிப்பு வந்தது, மன்னியுங்கள். ஒரே வீட்டில் இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள், அவர் கையில் செல்போன் இருப்பதால் அவருடையது மட்டும் வெளியே தெரிகிறது.

தனிக்குடித்தனம் தாராளமாகப் போகலாம். பீரோவும் கூடவே வரும்.

கணவரிடம் சொல்லுங்கள். மாமியார் வீட்டில் இல்லாத நேரமாக, அவர் வேலைக்குக் கிளம்பும் அவசரம் இல்லாத நாளாகப் பாருங்கள். "அம்மா சொன்னதால்தான்" என்று ஆரம்பிக்காதீர்கள். "எனக்கு முன்பே தெரியும், சொல்லப் பயந்தேன்" என்று ஆரம்பியுங்கள். கோபப்படுவார், இரண்டு நாள் முகம் கொடுக்காமல்கூட இருப்பார். அந்தக் கோபத்துக்கு நியாயம் உண்டு, உடனே அழுது அதை அணைத்துவிடாதீர்கள். அவர் உங்களுக்காகத் தன் அம்மாவிடம் பேசுவாரா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. விஷயமே தெரியாதவர் என்னவென்று பேசுவார்?

டாக்டரிடமும் முழுதாகச் சொல்லுங்கள். எத்தனை வருடமாக நாள் தள்ளிப்போகிறது என்பது அவருக்கு முக்கியம். மாதக்கணக்கில் வராமல் இருந்தால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துப்போகலாம், அதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். 11 வருடத்துக்கு முந்தைய ரிப்போர்ட் அதற்கு உதவும். எடுத்து வர நீங்களே போங்கள். அம்மாவோடு சண்டைக்கு நிற்க வேண்டாம், வரன் தட்டிப்போய்விடுமோ என்று தூக்கமில்லாமல் கிடந்தவர் அவர். "இப்போது போய் இது எதற்கு?" என்று கேட்பார். அவர் கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டு, ரிப்போர்ட்டோடு கிளம்புங்கள்.